ஆபரேஷன் சம்மதப் படிவம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தோம். முந்தைய நாள் இரவு சிஸ்டர் ஒருவர் ஆங்கிலப் படிவங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து, டிக் போட்ட இடங்களில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா முழு நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய வரியே காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப வைப்பதற்கும், டாக்டரை வரவழைத்து அம்மாவிடம் பேச வைப்பதற்கும், பிறகு கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) நகல் வாங்குவதற்கும் நாங்கள் பட்ட பாடு அதிகம். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

தமிழ்நாட்டில், நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவசரச் சிகிச்சையின் கணக்கு வேறு. அதற்குத் தனியாகச் சில வரிகள் பின்னால் இருக்கின்றன.

1. சம்மதம் தர வேண்டியவர் நோயாளி

18 வயது நிரம்பியவர், சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவர் என்றால், அவருடைய உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர முடியும். மகளோ மகனோ கணவரோ அவருக்குப் பதிலாகத் தர முடியாது. ஆனால் வார்டில் முதல் கேள்வியே "அட்டெண்டர் யாரு?" (நோயாளியோடு கூட இருப்பவர் யார்) என்பதுதான். பணம் கட்டுகிறவர் கையெழுத்தும் சம்மதக் கையெழுத்தும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பில்லுக்கு நீங்கள் பொறுப்பேற்கலாம். ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்ல வேண்டியவர் கட்டிலில் இருப்பவர்.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. 1995-இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், மாதவிலக்குத் தொல்லைக்கான காரணத்தைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது) பரிசோதனைக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவும் அப்போது இல்லை. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் உறுப்பை எடுப்பதற்குச் செல்லாது, தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கும் வயதுவந்த பெண்ணுக்காகத் தாய் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். டாக்டருக்குக் கட்டணம் கிடையாது. 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்றது. தொகை சிறிதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த விதிகளைத்தான் இன்றும் நுகர்வோர் ஆணையங்கள் எடுத்துக்காட்டுகின்றன.

அப்படியானால் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்தை ஏன் கேட்கிறார்கள்? பிள்ளைப்பேற்றுத் திறனை இழக்க வைக்கக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அப்பா கையெழுத்துப் போடட்டும். அது அம்மாவின் கையெழுத்தோடு கூடுதலாக வரலாமே தவிர, அதன் இடத்தை நிரப்பாது. கருக்கலைப்புக்கு இதுகூடத் தேவையில்லை: 18 வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும் என்று 1971 சட்டமே சொல்கிறது. கணவரைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பினால் அது அந்த மருத்துவமனையின் வழக்கம், சட்டம் அல்ல.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டி, மருத்துவமனை ஊழியர் அல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவது நல்லது.

2. கேட்க வேண்டியதை ஓ.பி.யிலேயே கேட்டு முடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். அட்மிஷன் போட்டு, அட்வான்ஸ் கட்டி, பச்சை உடுப்பு மாட்டி, ஊரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கிய பிறகு யாருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. தேதி குறிப்பதற்கு முன்னால், ஓ.பி. அறையில், டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் உங்களுக்கு உண்மையான சுதந்திரம் இருக்கிறது.

டாக்டர் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை அதே சமீரா கோலி தீர்ப்பு பட்டியலிட்டிருக்கிறது: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழிகள் உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும். அரிதிலும் அரிதான ஆபத்துகளை எல்லாம் டாக்டர் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அது சொல்கிறது. ஆகவே உங்களுக்கென்று தனிக் கவலை ஏதும் இருந்தால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பாட்டு வாத்தியாருக்குக் குரல் முக்கியம், தையல்காரருக்கு விரல் முக்கியம். டாக்டருக்கு அது தெரிந்திருக்காது.

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கர்ப்பப்பைக் கட்டிக்காக ஆபரேஷன் என்றால், நாங்கள் கேட்டவையும் கேட்டிருக்க வேண்டியவையும் இவை:

- மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது போன்ற வழிகள் எங்களுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?
- சினைப்பைகளையும் எடுப்பீர்களா? மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன் இரண்டையும் எடுத்தால் மெனோபாஸ் உடனே வந்துவிடும். எலும்பின் வலுவையும் அது பாதிக்கும். எனவே "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்ற ஒரே சொல்லுக்குள் இது அடங்கிவிடக் கூடாது.
- வயிற்றைத் திறந்தா, லேப்ராஸ்கோப்பியா, பிறப்புறுப்பு வழியாகவா? லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்து நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வருமா?
- சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க் குழாயிலோ காயம் பட்டால் யார் சரிசெய்வார்கள்? அந்தத் துறை டாக்டர் இங்கேயே இருக்கிறாரா?
- கத்தியை எடுப்பவர் நீங்கள்தானா?
- மூன்று மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். "ஒன்றும் ஆகாது, ரத்தப்போக்கு மட்டும் தொடரும்" என்று பதில் வந்தால் யோசிக்க நேரம் இருக்கிறது என்று பொருள். "கேன்சரா என்று தெரியாமல் தள்ளிப்போடக் கூடாது" என்று பதில் வந்தால் அதுவும் தெளிவுதான்.

பதில்கள் நோயாளியைப் பார்த்துத் தமிழில் வர வேண்டும். டாக்டர் உங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினால், "டாக்டர், அம்மாகிட்டயே சொல்லுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முடிந்ததும் அம்மாவிடம், "என்ன செய்யப்போறாங்கன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று டாக்டர் முன்னாலேயே கேளுங்கள். புரியாத இடம் அந்த ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். டாக்டர்களுக்கும் இது உதவிதான், ஓ.பி. வாசலில் அறுபது பேர் காத்திருக்கும்போது, யாருக்கு என்ன புரிந்தது என்று அவர்களால் பார்க்க முடிவதில்லை.

3. இன்னொரு டாக்டரின் கருத்து

செலவு பெரும்பாலும் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கும்; ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். ஸ்கேன் படங்கள், பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதும் ஒன்று. முதல் மருத்துவமனை கூடுதல் கட்டணமோ தாமதமோ இல்லாமல் பதிவுகளைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. முதல் மருத்துவமனையோடு தொடர்பில்லாத டாக்டரிடம் போங்கள். முதலாமவர் என்ன சொன்னார் என்பதை முன்கூட்டியே சொல்லாமல், அறிக்கைகளை மட்டும் காட்டிக் கருத்துக் கேட்பது நல்லது.

4. எஸ்டிமேட், இன்சூரன்ஸ், சம்மதப் படிவம் மூன்றிலும் ஒரே பெயர்

பலர் இதைக் கவனிப்பதில்லை. ஓ.பி. சீட்டில் எழுதிய ஆபரேஷன் பெயர், பில்லிங் கவுண்டர் தரும் எஸ்டிமேட், இன்சூரன்ஸ் முன் அனுமதிக் கடிதம், சம்மதப் படிவம் ஆகிய அனைத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். எங்கள் எஸ்டிமேட்டில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுப்பதாக இருந்தது. டாக்டர் எங்களிடம் சொன்னது கர்ப்பப்பை மட்டும். பேக்கேஜ் பட்டியலிலிருந்து யாரோ எடுத்துப் போட்டது அப்படியே ஆபரேஷன் தியேட்டர் லிஸ்டுக்கும் போயிருக்கக்கூடும்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். லேப்ராஸ்கோப்பியிலிருந்து திறந்த ஆபரேஷனுக்கு மாறினால் எவ்வளவு கூடும், ஐ.சி.யு. ஒரு நாளைக்கு எவ்வளவு, பயாப்சி பேக்கேஜுக்குள் அடங்குமா என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதி விண்ணப்பத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 விதி. "இன்சூரன்ஸ் லேட்டாகும், முதலில் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் இன்சூரன்ஸ் தாளில் மட்டும் போடுங்கள். சம்மதப் படிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

5. படிவத்தை எப்படிப் படிப்பது

படிவம் எப்போது தருவார்கள் என்று அட்மிஷன் அன்று காலையிலேயே கேளுங்கள். பகலிலேயே வாங்கிப் படியுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவோ அன்று காலையோ, பதற்றம் குறைய ஒரு மாத்திரை தருவது பல மருத்துவமனைகளில் வழக்கம். அந்த மாத்திரையைப் போட்ட பிறகு நோயாளியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, நீங்களும் அனுமதிக்காதீர்கள்.

தமிழ்ப் படிவம் கேளுங்கள். என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்றால், நோயாளிக்குப் புரியும் மொழியில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளிலேயே உண்டு. பெரும்பாலும் தமிழ்ப் படிவம் அலமாரியில் இருக்கும்; கேட்டால்தான் வெளியே வரும்.

இனி, சிக்கும் இடங்கள்.

காலி வரிகள். ஆபரேஷன் பெயர், எந்தப் பக்கம் (இடதா, வலதா), டாக்டர் பெயர், ஆபத்துகள் என்று எதுவும் காலியாக இருக்கக் கூடாது. "டாக்டர் அப்புறம் எழுதிக்குவார்" என்றால், "அவர் எழுதின பிறகு போடுறோம் சிஸ்டர்" என்று சொல்லுங்கள். சிஸ்டரிடம் சண்டை போடாதீர்கள். படிவத்தை நிரப்புவது அவர் வேலையே அல்ல. ஆபரேஷன் செய்பவரோ, அவர் குழுவில் விவரம் தெரிந்த டாக்டரோ வந்து பேசித்தான் இது முடிய வேண்டும். டூட்டி டாக்டரைக் கேளுங்கள், அவர் வழியாகத் தகவல் போகும்.

"தேவைப்படும் வேறு எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்" என்ற வரி. ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் இது உண்டு. ஒரேயடியாக அடிக்கச் சொல்ல மாட்டேன். வயிற்றைத் திறந்த பிறகு ஏதாவது தென்பட்டால் இன்னொரு முறை மயக்கம் கொடுக்காமல் முடிப்பது நோயாளிக்கே நல்லதாக இருக்கலாம். கூடுதலாக எது தேவைப்படலாம் என்று டாக்டரைக் கேட்டு அதன் பெயரை எழுத வையுங்கள். வேண்டாதது ஏதும் இருந்தால் கையால் எழுதுங்கள். அம்மா எழுதியது: "உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சினைப்பைகளை எடுக்க எனக்குச் சம்மதமில்லை." கீழே கையெழுத்து, தேதி, நேரம். டாக்டரும் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அச்சிட்ட படிவத்தில் கையால் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"எனக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டது" என்ற வரி. விளக்கவில்லை என்றால் இதன் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இந்த வரிதான்.

"என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற வரி. இதைப் பார்த்துப் பயந்து நிற்பவர்கள் உண்டு. சொல்லப்பட்ட ஆபத்துகளை ஏற்கிறீர்கள் என்ற அளவுக்குத்தான் இதற்கு மதிப்பு. கவனக்குறைவாகச் சிகிச்சை செய்ய எந்தக் கையெழுத்தும் அனுமதி தராது.

புகைப்படம், வீடியோ, மாணவர்கள் பார்ப்பது, ஆராய்ச்சி. இவை தனித்தனிச் சம்மதங்கள். மறுத்தால் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கையெழுத்துப் போடும்போது தேதியோடு நேரத்தையும் உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறலாம். மயக்கம் கொடுப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் நோயாளி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

6. கட்டோடு வரும் மற்றப் படிவங்கள்

மயக்க மருந்துக்குத் தனிப் படிவம் உண்டு. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் நோயாளியைப் பரிசோதிப்பார்; அங்கேயே பேசிவிடுங்கள். முதுகில் ஊசியா, முழு மயக்கமா? சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொல்லை, குறட்டை என எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ரத்தம் ஏற்றச் சம்மதம் தனி. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ரத்தம் எடுக்கும் பட்டியலில் அது சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். முடிவை அட்டெண்டரிடம் உரக்கச் சொல்லும் வழக்கத்தை எதிர்த்துக் கேளுங்கள்.

7. தியேட்டர் கதவு திறந்து உங்களைக் கூப்பிட்டால்

ஆபரேஷன் நடுவில் ஒருவர் வெளியே வந்து, "இன்னொன்றும் எடுக்க வேண்டியிருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பார். சமீரா கோலி வழக்கின் தாய் நின்ற இடம் இதுதான். கை நடுங்கும். கேட்க வேண்டியது இரண்டு: "இப்போது செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா?" "அம்மா விழித்த பிறகு அவரைக் கேட்டுச் செய்தால் என்ன ஆகும்?"

உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் டாக்டர் செய்யலாம். சட்டம் அவர் பக்கம் நிற்கும். உங்கள் கையெழுத்துக்காக அவர் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கலாம் என்றால் முடிவெடுக்க வேண்டியவர் உள்ளே மயக்கத்தில் இருப்பவர். "அவர் விழித்ததும் பேசலாம் டாக்டர்" என்று சொல்லுங்கள். முந்தைய நாளே அம்மாவிடம், "இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டு வைத்திருந்தால் அந்த நேரத்தில் பெரிய ஆறுதல். நான் கேட்டு வைத்திருந்தேன். தேவைப்படவில்லை, ஆனாலும் வெளியே உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை அதுதான் தாங்கவைத்தது.

8. அவசரச் சிகிச்சை

விபத்து, பக்கவாதம், மாரடைப்பு என்றால் மேலே சொன்ன எதற்காகவும் ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். நினைவில்லாதவருக்குச் சம்மதம் தர ஆள் இல்லாதபோது நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 30-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. போலீஸ் வரவில்லை என்று முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

9. பதிவேடுகளை வாங்குங்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி. கேட்க வேண்டியவை: முழு கேஸ் ஷீட், எல்லாச் சம்மதப் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, நர்ஸ் குறிப்புகள், பயாப்சி அறிக்கை, விவரமான பில். நோயாளியே கையெழுத்திட்டால் சுலபம். நீங்கள் வாங்கப் போனால் நோயாளியின் அதிகாரக் கடிதமும் இருவர் ஆதார் நகலும் தேவைப்படும். நகல் எடுக்கும் செலவைக் கேட்பார்கள், ரசீது வாங்குங்கள்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. கடிதத்தின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். 72 மணி நேரம் அதிலிருந்துதான் எண்ணப்படும். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை வைத்திருந்தால் போதும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் தராமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

10. சம்மதமில்லாமல் ஏதாவது செய்துவிட்டால்

முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார். தனியார் மருத்துவமனை பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம். டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் தரலாம். அவர்கள் எச்சரிக்கவோ பதிவை நிறுத்திவைக்கவோ முடியும், இழப்பீடு தர முடியாது.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே பதியலாம், சந்தேகத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மனுவோடு இணைக்க வேண்டியவை: சம்மதப் படிவத்தின் நகல், ஆபரேஷன் குறிப்பு, எஸ்டிமேட், பில்கள், நீங்கள் போனில் எடுத்த படங்கள். படிவத்தில் இருக்கும் ஆபரேஷன் பெயரையும் குறிப்பில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.